அடியும் வரியும்



கணிப்பொறியில் நூல்களை ஏற்றிய திட்டங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு குறியீடுகளைக் கையாண்டதால், ஒன்றன் உழைப்பு மற்றொன்றுக்குப் பயன்படவில்லை. அக்குறையைக் களைய, 1987 நவம்பரில் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் அறிஞர்கள் கூடினர். பனுவல் குறியீட்டு முயற்சி பிறந்தது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பெண் எழுத்தாளர் திட்டம் முதலியன தம் தனித்தன்மையை விடாமலே அதனோடு இணைந்தன. பழைய நூல்களைப் பதிக்கையில் எழுந்த இடர்களை எடுத்துரைத்து நெறிகளைச் செப்பம் செய்தன.

1994இல் வெளிவந்த நெறிமுறை, செய்யுளின் அடிக்கு ஒரு குறியும் அச்சுத்தாளின் வரிமுறிவுக்கு வேறொரு குறியும் வகுத்தது. தாளின் அகலம் குறைந்தால் வரி மடியும், அடி மடியாது. இவ்வேறுபாடு பதிவாகாவிடில், கவிஞர் முறித்த இடம் எது, அச்சுக்கோப்பவர் மடித்த இடம் எது என்பதைப் பின்வருவோர் எவ்வாறு அறிவர்? தனித்து உழைப்போர் பொதுநெறியைப் புறக்கணித்தால் இழப்பு பாடலுக்கே.