ஒட்டகத்தின் சிற்றுறவு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு மகளைக் காண அமெரிக்கா சென்றபோது, ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய அல்பாக்காப் பண்ணையில் இரண்டு நாள் தங்கினேன். அல்பாக்கா ஒட்டகக் குலத்தது, திமிலற்றது, பெரு நாட்டு மலைவாணர் உரோமத்திற்காகத் தொன்றுதொட்டு வளர்ப்பது.

1984-இல் அது அமெரிக்காவுக்கு வணிகப் பொருளாக வந்திறங்கிற்று. குட்டிகளை விற்றே செல்வராகலாம் என்னும் பேச்சுப் பரவ, உயர்ந்த வகைப் பெட்டை ஒன்று பல்லாயிரம் டாலருக்கு விலைபோயிற்று. ஆண்டுக்கொருமுறை கத்தரித்தால் கிடைக்கும் உரோமமோ இரண்டு மூன்று கிலோ! இக்கணக்கை யார் போட்டுப் பார்த்தார்கள்? 2008-க்குப் பின் விலை சரிந்தது.

அப்பண்ணையின் முதிய தம்பதியர் வாழ்நாள் சேமிப்பின் பெரும்பகுதியை அதில் இழந்தவர்கள். விலங்குகளைக் கைவிட மனமின்றி, இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து, கட்டணம் தரும் விருந்தினருக்குத் திறந்துவிட்டனர். விடியலில் உலர்புல் இடும் பணி விருந்தினர்க்கும் உண்டு. அவை தனித்து வாழா, மெல்ல முனகியவாறு கூட்டமாய் நிற்கும், சாணத்தையும் ஓரிடத்திலேயே இடும், சினந்தால் உமிழும். என் சட்டையே அதற்குச் சாட்சி!

"உரோமம் தீவனத்திற்கே போதாது, அறை வாடகையில்தான் வாழ்கிறோம்" என்றார் அவ்வம்மையார்.

வரும் சித்திரையில் நானும் ஓய்வு பெறுகிறேன். சேமநிதிப் பணத்தில் ஊரில் மாட்டுப் பண்ணை வைக்கும் எண்ணத்தை அவரிடம் சொன்னேன். "மாடு இருக்கட்டும், உங்கள் வீட்டில் காலி அறை எத்தனை?" என்று கேட்டார். திரும்பி வந்தது முதல், நானும் என் துணைவியாரும் ஊர் வீட்டின் அறைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.