திரையிலும் மண்டபத்திலும் ஒரே கூட்டம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலின் காலை அமர்வில் ஆற்றப்பட்ட உரை)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவி அவர்களே, கல்லூரி அதிபர் அவர்களே, எம்மை ஆளாக்கிய ஆசிரியப் பெருந்தகைகளே, கிளைச் சங்கப் பிரதிநிதிகளே, இம்மண்டபத்தில் நிறைந்திருக்கும் பழைய மாணவிகளே, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து திரையினூடாக இணைந்திருக்கும் சகோதரிகளே, அன்பு மாணவிகளே, உங்கள் அனைவருக்கும் எமது பணிவான வணக்கம்.

நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் இந்த விளிப்பு வரிசைக்குள்ளேயே இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கூட்டத்துக்கு வந்தவர் என்றால், கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர் என்பதே பொருள். இன்று, சமையலறை மேசையில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு எம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் வந்தவர்தான். அவரை வரவேற்பதில் எவருக்கும் தடையில்லை. ஆனால் அவருக்கு வாக்கு உண்டா? இன்று பிற்பகல் பொதுக்கூட்டத்தில் வரவிருக்கும் யாப்புத் திருத்தம் கேட்பது இதைத்தான். அதுபற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது 1931ஆம் ஆண்டில். நாட்டின் பெண்கள் சட்டசபைக்கு வாக்களிக்கும் முன்னரே எமது சங்கத்தின் பெண்கள் கை உயர்த்தித் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள், கணக்கறிக்கையைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அதைத் தம் கைப்பட எழுதியும் வைத்திருக்கிறார்கள். கூட்டம் நடத்தத் தெரிந்த பெண்கள் என்பது இக்கல்லூரி எமக்குத் தந்த பட்டங்களுள் ஒன்று. ஆகவே கூட்டம் நடத்தும் முறை மாறும்போது அதை ஒரு கருவி மாற்றமாக மட்டும் நாம் பார்க்கக் கூடாது.

கூட்டத்துக்கு ஆட்களைச் சேர்ப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை எமது தலைமுறை அறியும். 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொதுமக்களுக்குத் தொலைபேசி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம், ஜாம் போத்தல் விளக்கில் சோதனைக்குப் படித்த காலம் அது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது ஒரே வாங்கில் இருந்தவர்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் பிறகு கடல் கடந்தும் சிதறினோம். அடுத்த ஆண்டு அரசாங்கம் கடிகாரத்தை மே மாதத்தில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில், “பழைய நேரமோ, புதிய நேரமோ?” என்று கேளாமல் எந்த நிகழ்வுக்கும் போக முடியாது. ஏ9 வீதி 2002இல் திறந்தது, 2006இல் மூடியது, 2009இல் மீண்டும் திறந்தது. யாழ்தேவி 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பாதை திறந்திருந்த காலங்களில் சங்கம் பெரிதாகக் கூடியது; மூடியிருந்த காலங்களில் உள்ளவர்களோடு கூடியது.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பாதைகள் எல்லாம் மூடின. ஆனால் இம்முறை நடந்தது வேறு. பதினைந்து, இருபது ஆண்டுகளாக ஒருவரையொருவர் காணாத வகுப்புத் தோழிகள் ‘சூம்’ திரையில் சிறு சிறு கட்டங்களாகத் தோன்றினார்கள். இலவசக் கணக்கில் ஒரு கூட்டத்துக்கு 40 நிமிடம்தான்; அது முடிந்ததும் மறுபடி நுழைந்தோம். நரைத்த தலைகளைப் பார்த்துச் சிரித்தோம். யார் யார் இல்லை என்று எண்ணியபோது அழுதோம். மண்டபத்துக்கு வரவே முடியாதவர்களுக்கு இந்தக் கருவி வழி செய்தது. அதற்காக நாம் என்றும் நன்றியுடையவர்கள்.

எங்கள் மருத்துவத் தொழிலிலும் இதே மாற்றத்தைக் கண்டோம். தூர வைத்தியசாலை ஒன்றில் பணிபுரியும் இளம் மருத்துவர் கொழும்பில் நடக்கும் கருத்தரங்குக்குப் போக வேண்டுமானால் லீவு எடுக்க வேண்டும், பதில் கடமைக்கு ஆள் தேட வேண்டும், இரவு பஸ் ஏற வேண்டும். இன்று விடுதியில் இருந்தபடியே கேட்கிறார், கேள்வியும் கேட்கிறார். குழந்தை பெற்ற மருத்துவர்கள் பலர் மாநாடுகளை மறந்தே போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தார்கள். அதேவேளை ஒன்றையும் கவனித்தோம். மாநாட்டில் நாம் கற்பவற்றில் ஒரு பங்கு மேடையில் இல்லை, தேநீர் வரிசையில் இருக்கிறது. “உங்களிடம் இப்படியொரு நோயாளி வந்தாரா?” என்று மெதுவாகக் கேட்கும் கேள்வி நானூறு பேர் இணைந்த திரையில் எழுவதில்லை. சிரேஷ்ட மருத்துவர் ஒருவரின் அருகே நின்று அறிமுகமாகும் வாய்ப்பும் அங்கே இல்லை. திரை செய்தியை நன்றாகக் கொண்டு செல்கிறது. உறவைத் தொடர உதவுகிறது. புதிதாகத் தொடக்கி வைப்பதில் அவ்வளவு கெட்டிக்காரி அல்ல.

களைப்பையும் சொல்ல வேண்டும். திரைக் கூட்டம் ஏன் இப்படி அலுப்பூட்டுகிறது என்பதற்கு ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெயிலன்சன் 2021இல் நான்கு காரணங்களைச் சொன்னார்: மிக நெருக்கத்தில் இடைவிடாமல் முகங்களைப் பார்ப்பது, எமது முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் இருப்பது, தலையசைப்பு போன்ற சிறு குறிகளைக்கூட முயன்று காட்டவும் உணரவும் வேண்டியிருப்பது. மருந்து எளிது. கூட்டத்தைச் சுருக்குங்கள், உங்கள் முகத்தை நீங்களே பார்க்காதபடி மறைத்துவிடுங்கள், இடையிடையே எழுந்து நடவுங்கள். நீண்ட வரவேற்புரைகளைக் குறைத்தால் பாதி நோய் மாறிவிடும்.

இனி எமது சங்கத்துக்கு வருவோம்.

முதலாவது, நேரம். யாழ்ப்பாணத்தில் மாலை 6.30க்குக் கூட்டம் வைத்தால், தை மாதத்தில் இலண்டனில் பிற்பகல் 1 மணி, ரொறன்ரோவில் காலை 8 மணி, சிட்னியில் நள்ளிரவு 12. எந்த நேரத்தை வைத்தாலும் யாரோ ஒருவரின் தூக்கம் கெடும். எப்போதும் ஒரே பகுதியினரின் தூக்கமே கெடக் கூடாது என்பதுதான் நியாயம். ஆகவே நேரத்தைச் சுழற்சி முறையில் வைப்போம்.

இரண்டாவது, காது. கலப்புக் கூட்டம் ஒன்றுக்குப் பலரும் முதலில் தேடுவது நல்ல கமராவை. உண்மையில் தேவைப்படுவது நல்ல ஒலிவாங்கி. படம் மங்கினால் பொறுத்துக்கொள்வோம். குரல் மங்கினால் கூட்டத்தை விட்டு வெளியே போகிறோம். மண்டபத்தின் பின்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி, ஒலிவாங்கி அவர் கைக்குப் போகாவிட்டால், திரையில் இருப்பவருக்கு வெறும் இரைச்சல். தலைவி அந்தக் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொன்னால் போதும். 60 வயதைக் கடந்தோரில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குக் கேள்திறன் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எமது மூத்த ஆசிரியைகளும் அந்த வயதினர்தாம். பேசுவது எழுத்தாக ஓடும் வசதி அவர்களுக்குப் பெருந்துணை. எமக்குப் பாடம் சொல்லித் தந்தவர்கள் எமது கூட்டத்தில் ஒன்றும் விளங்காமல் புன்னகைத்துக்கொண்டு இருப்பது எமக்கு அழகல்ல.

மூன்றாவது, பதிவு. இப்போது செயற்கை நுண்ணறிவு கூட்டத்தைக் கேட்டுத் தானே அறிக்கை எழுதுகிறது. செயலாளருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் எமது பேச்சுத் தமிழைக் கேட்டு அது தடுமாறுவதை நாம் பார்த்திருக்கிறோம். “பார்ப்பம்” என்று எம்மவர் சொன்னால் அது சம்மதமா, தட்டிக்கழிப்பா என்பது அருகில் இருப்பவருக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. அது எழுதுவதை முதல் வரைவாக மட்டும் வைத்துக்கொள்வோம். ஒப்பமிடுபவர் வாசித்துத் திருத்திய மனிதராகவே இருக்கட்டும். நோயாளியின் சம்மதமின்றி நாங்கள் படம் எடுப்பதில்லை. அதுபோல, பதிவு செய்யப்படுகிறது என்பதைக் கூட்டத் தொடக்கத்திலேயே சொல்வோம். உதவி கேட்டு வரும் மாணவியின் குடும்ப நிலைமை பேசப்படும் நேரத்தில் பதிவை நிறுத்துவோம். அவளுடைய வறுமை யாருடைய கைத்தொலைபேசியிலும் கிடக்க வேண்டியதில்லை.

நான்காவதே மிக முக்கியமானது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். மண்டபத்தில் அது ஓரளவு உண்மை. முகத்தைப் பார்த்தே மனத்தை அறியலாம். திரையில் மௌனம் சம்மதம் அல்ல. அது மின்வெட்டாக இருக்கலாம். 2022 மார்ச் கடைசியில் இந்நாட்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை மறந்துவிட்டோமா? கைத்தொலைபேசியில் டேட்டா முடிந்திருக்கலாம். ஒலியை எப்படித் திறப்பது என்று தெரியாமல் ஒருவர் பேசிக்கொண்டே இருக்கலாம். “எதிர்ப்பு இல்லை, ஏகமனதாக நிறைவேறியது” என்று எழுதும் முன் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு மனக்குறையையும் மறைக்காமல் பேசுவோம். வெளிநாட்டில் உள்ள சகோதரிகளுக்கு நல்ல இணைய இணைப்பு இருக்கிறது. நிதியில் பெரும் பங்கும் அவர்களிடமிருந்தே வருகிறது. இங்கே ஓய்வூதியத்தில் வாழும் மூத்தவருக்கு இரண்டும் இல்லை. எல்லோருக்கும் இணையவழி வாக்கு என்று மட்டும் எழுதிவிட்டால், தூரத்தில் இருப்பவர் அருகில் வருவார், கல்லூரிக்கு அடுத்த ஒழுங்கையில் இருப்பவர் தூரத்துக்குப் போய்விடுவார். மறுபுறம், மண்டபத்துக்கு வந்தவருக்கு மட்டுமே வாக்கு என்றால், விரும்பிப் போகாமல் விரட்டப்பட்டுப் போனவர்களிடம், “காசைத் தாருங்கள், கருத்தைத் தராதீர்கள்” என்று சொன்னவர்களாவோம். இரண்டும் நியாயமில்லை.

ஆகவே திருத்தத்தை ஆதரிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கூடவே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, கூட்டநடப்பெண்ணில் ஒரு குறித்த பங்கு மண்டபத்தில் இருப்போராக அமைய வேண்டும். இரண்டு, பெருந்தொகைச் செலவு பற்றிய தீர்மானம் உடனே முடிவாகாமல் ஏழு நாள் திறந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் இணைய முடியாதவர் தொலைபேசியிலோ கடிதத்திலோ தம் வாக்கைத் தரலாம். மூன்று, ஒவ்வோர் இளைய அங்கத்தவரும் ஐந்து மூத்தவர்களுக்குப் பொறுப்பாக வேண்டும். கூட்டத்துக்கு முன் அழைத்துச் சொல்வதும், முடிந்தால் அவர் வீட்டுக்குப் போய்த் தன் கைத்தொலைபேசியிலேயே அவரையும் இணைப்பதும் அவர் கடமை. ஒரு வாட்சப் குழுமத்தில் 1024 பேர் இருக்கலாம். ஆனால் குழுமத்தில் போட்ட செய்தி எல்லோருக்கும் சேர்ந்துவிட்டது என்று நினைப்பது எமது வசதிக்கான நினைப்பு.

கருவியின் நல்ல பயனையும் மறவோம். ஒரு வகுப்பறைக்குத் திறன்பலகை வேண்டுமா, விடுதிக் கூரையைத் திருத்த வேண்டுமா என்று கேள்வி வந்தால், முன்பு அறிக்கையை வாசித்து முடிவெடுத்தோம். இப்போது விடுதி ஆசிரியை கைத்தொலைபேசியோடு நடந்து போய் ஒழுகும் இடத்தையும், மலசலகூடக் கதவையும், கிணற்றடியையும் அந்தக் கணமே எல்லோருக்கும் காட்டலாம். அங்கே நிற்கும் மாணவியையே கேட்கலாம். மேடையை மட்டும் காட்டும் கமராவைக் கொஞ்சம் கொல்லைப்புறத்துக்கும் திருப்புவோம். அப்போது ரொறன்ரோவில் இருப்பவரும் ஒழுங்கையில் இருப்பவரும் ஒரே விடயத்தைப் பார்த்து வாக்களிப்பார்கள்.

சகோதரிகளே, பாதைகள் மூடியிருந்த காலத்திலும் இச்சங்கத்தை விடாமல் கூட்டியவர்கள் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வீடு வீடாகச் சைக்கிளில் போய் அழைத்தார்கள். எமது கையில் இருப்பது அதைவிட வேகமான கருவி. அவர்களிடம் இருந்த அக்கறையும் அதனோடு சேர்ந்தால்தான் அடுத்த நூற்றாண்டின் கூட்டங்களில் ஒருவரும் விடுபட மாட்டார்கள். பிற்பகல் பொதுக்கூட்டம் 2 மணிக்கு. மண்டபத்தில் இருப்போர் தேநீர் அருந்தியபின் போய்விடாதீர்கள். திரையில் இருப்போர் சார்ஜரை இப்போதே செருகி வையுங்கள். எல்லோரும் சேர்ந்து கை உயர்த்துவோம்.