ஏணியும் துணையும்
(கல்விச் சங்க வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுவிடாமல் காப்பதே இச்சங்கத்தின் முதற்கவலையாக இருந்தது. இன்று நம் தெருக்களில் பட்டதாரிகள் பலர் இருக்கிறார்கள். ஆயினும், பட்டம் பெற்ற பிள்ளை எந்த வாயிலைத் தட்டுவதென்று அறியாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் காட்சியையும் காண்கிறோம். அக்குறையைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

நாம் வாழும் செட்டிநாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் நடத்திய காலத்தில், அவர்கள் வீட்டுச் சிறுவன் பெட்டியடிப் பையனாகக் கடையில் சேர்ந்தான். கணக்கெழுதக் கற்று அடுத்தாள் ஆனான். பின்னர் மேலாள் ஆனான். சேர்த்துவிட உறவினர் இருந்தனர். திருத்த மூத்தோர் இருந்தனர். அயலூரில் தங்க விடுதி இருந்தது. அறிவைத் தொழிலாக்கும் ஏணி அது. அவர்தம் மாளிகைகளுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த நம் முன்னோர்க்கு அந்த ஏணியில் ஒரு படியும் கிடைக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1917-இல் உயர்கல்வியோடு திரும்பிப் பரோடாவில் அரசுப் பணியேற்றார். பணி கிடைத்தது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. வேலையைத் துறந்து பம்பாய் திரும்பினார். அத்தகைய மேதைக்கே ஒரு துணை தேவைப்பட்டதென்றால், நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? 1924-இல் அவர் தொடங்கிய பகிஷ்கிரித் ஹிதகாரிணி சபை, மாணவர் விடுதிகளையும் நூலகங்களையும் தன் நோக்கங்களுள் வைத்ததன் பொருள் இதுவே.

வாயில்கள் நமக்கு அருகிலேயே உள்ளன. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் இருக்கிறது. மின்கலம், உலோக அரிமானத் தடுப்பு போன்ற அதன் துறைகளை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 1974-இல் தோன்றிய தாட்கோ திறன் பயிற்சி அளிக்கிறது. 2022-இல் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. ஆனால் கடைசி நாள் கழிந்த பின்னரே செய்தி நம் தெருவை எட்டுகிறது.

ஆகவே மூன்று பணிகளை முன்வைக்கிறோம். முதலாவது, பணியில் உள்ள உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓராண்டுக்கு ஓர் இளைஞரின் பொறுப்பை ஏற்க வேண்டும். விண்ணப்பம் நிரப்புவது முதல் நேர்முகத் தேர்வுக்குப் பழக்குவது வரை உடனிருக்க வேண்டும். இரண்டாவது, சென்னை, மதுரை, கோவை நகரங்களில் தேர்வுக்குச் செல்வோர் தங்க இடமும், முதல் மாதச் செலவுக்குக் கைம்மாற்றுத் தொகையும் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். மூன்றாவது, இளைஞர்கள் பட்டத்தோடு கணக்கு, கணினி, இயந்திரம், ஆங்கிலப் பேச்சு ஆகியவற்றுள் ஒன்றையேனும் ஐயமறக் கற்க வேண்டும்.

இளைஞர்களே! சம்பளம் வேண்டியதுதான், அதனோடு, உங்கள் தொழில் யாருக்குப் பயன்படும் என்பதையும் எண்ணுங்கள். பட்டாவும் நில அளவையும் அறிந்த ஒருவர், கூலி வழக்கை நடத்தும் வழக்கறிஞர் ஒருவர், செவிலியர் ஒருவர் நம்மிடையே உருவானால், பல குடும்பங்கள் அஞ்சாமல் வாழும். மேலேறியோர் ஏணியைத் தம்மோடு எடுத்துச் சென்றுவிடலாகாது.

அரங்கின் வாயிலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். துணை வேண்டுவோர் இடப்பக்கத்திலும், துணை நிற்போர் வலப்பக்கத்திலும் பெயரெழுதிச் செல்லுங்கள். இரு பக்கமும் சமமாக நிரம்புமாயின், அதுவே இவ்வெள்ளிவிழாவின் பயன்.