கை உயர்த்தாத மாணவர்



பதுளையில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தைத் தாங்கள் யாவரும் அறிவீர்கள். அங்கே போதனை ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. பசறை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து தமிழில் உயர்தரம் படித்து வருவோரும், யாழ்ப்பாணத்தவரும், முஸ்லிம் மாணவரும், சிங்கள மாணவரும் ஒரே வாங்கில் அமரும் இடம் அது. இத்தகைய வகுப்பில் விரிவுரையாளர் "விளங்கியதா?" என்று வினவினால் பெரும்பாலும் மௌனமே விடை. அதனை அறியாமை என்று கொள்வாரும் உளர். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை. பெரியவர் முன் வாய் காட்டலாகாது என்று லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, பலர் நடுவே அரைகுறை ஆங்கிலத்தில் பேசுவது இலேசான காரியமா? மிஷன் பாடசாலையில் எழுந்து நின்று விடை சொல்லிப் பழகிய எங்களுக்கே நா எழுவதில்லை!

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியற் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் ஒரு முறையைக் கையாளத் தொடங்கினார். ஒரு வினாவும் சில விடைகளும் காட்டப்படும். ஒவ்வொருவரும் தனித்து ஒன்றைத் தெரிவர். பின் பக்கத்தில் இருப்பவருடன் வாதாடி மீண்டும் தெரிவர். இதற்குக் 'கிளிக்கர்' என்னும் பொத்தான் கருவி பயன்பட்டது. இன்று கைத்தொலைபேசியே போதும். எவ்விடைக்கு எத்தனை பேர் என்பது திரையில் தோன்றும். யார் எதை அழுத்தினார் என்பதை அயலவர் அறியார். கூச்சமுள்ளவரின் கருத்தும் அன்றே கணக்கில் சேர்கிறது.

ஆனால் இம்முறையின் உயிர் பொத்தானில் இல்லை, அந்த வாதத்தில் இருக்கிறது. அதனைத் தமிழிலோ சிங்களத்திலோ நடத்த இடங்கொடுக்க வேண்டும். தாய்மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தவன் ஆங்கிலத்தில் சொல்லவும் துணிவான். வாதத்தை விட்டுப் பொத்தானை மட்டும் அழுத்தச் சொன்னால் அது லொத்தர்ச் சீட்டுத்தான்.

மற்றொன்று, வேகம். நோர்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த 'கஹூட்' விளையாட்டில், சரியான விடையை விரைந்து தருபவருக்குக் கூடுதற் புள்ளி. வினாவை மனத்துள் தமிழாக்கிப் பார்ப்பவன் அங்கே பின்தங்குகிறான். அவனுக்கு விடை தெரியாமலில்லை; நேரந்தான் போதவில்லை. புள்ளியின்றியும் அதனை நடத்தலாமே! டேட்டா தீர்ந்தவனோ பழையபடி மௌனிதான்.

பணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. கிளிக்கரையும் சாதாரண அட்டையையும் ஒப்பிட்டுக் கனடாவில் செய்த ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. மாணவர் கற்றதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பெரியோர்களிடம் எங்கள் வேண்டுகோள்: நமது சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பில், பிள்ளை ஒன்றுக்கு நான்கு நிற அட்டைகள் கொடுங்கள். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தால் ஆசிரியர் காண்பார். பின்வாங்கில் இருப்பவன் காணான். வெட்டி ஒட்டும் வேலையை வாலிபர் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.