கோய்டைன் ஒத்திவைத்த இந்தியப் புத்தகம்



இதுபோன்ற பட்டமளிப்பு மேடைகளில் இருபத்தைந்து வயதிலேயே சாதித்தவர்களைத்தான் பெரும்பாலும் உதாரணம் காட்டுவார்கள். தம் முக்கியமான வேலையை ஐம்பதை நெருங்கும்போது தொடங்கிய ஒருவரைப் பற்றியது இந்த உரை. அவர் யூத வரலாற்றாசிரியர் எஸ். டி. கோய்டைன்.

1900இல் ஜெர்மனியின் பவேரியாவில், ரபி ஒருவரின் மகனாகப் பிறந்தார். படித்தது அரபும் இஸ்லாமும். குர்ஆனில் தொழுகை பற்றி ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆய்வு செய்து முனைவரானார். வழிகாட்டிய யோசப் ஹோரோவிட்ஸ் அதற்கு முன் அலிகார் கல்லூரியில் அரபு கற்பித்தவர். 1923இல் கோய்டைன் பாலஸ்தீனத்துக்குக் கப்பலேறினார். ஹைஃபாவில் பள்ளி ஆசிரியர், பிறகு எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், கல்வித் துறை அதிகாரி. இதற்கு நடுவே ஏமனிலிருந்து குடியேறிய யூதர்களோடு உட்கார்ந்து, அவர்களுடைய பேச்சையும் பழமொழிகளையும் ஊர் நடப்புகளையும் எழுதிவைத்தார். அந்தப் பழக்கம்தான் பின்னால் கைகொடுத்தது.

1948இல் புடாபெஸ்ட் நகரத்து நூலகம் ஒன்றில் கெய்ரோ கெனிசாவின் காகிதங்கள் அவர் கைக்கு வந்தன.

கடவுளின் பெயர் இருக்கக்கூடிய எழுத்தைக் குப்பையில் எறியக்கூடாது என்பது யூத வழக்கம். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிப்பட்ட காகிதங்களைக் ‘கெனிசா’ எனப்பட்ட ஓர் அறைக்குள் போட்டுக்கொண்டே வந்தார்கள். பல நூற்றாண்டுக் குவியல் அது. சாலமன் ஷெக்டர் 1896-97இல் அதில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அறிஞர்கள் பாய்ந்து எடுத்தவை சமய நூல்களும் கவிதைகளும். வியாபாரக் கடிதம், கடன் பத்திரம், மணப்பெண்ணின் சீர்ப் பட்டியல் போன்றவற்றைச் சீண்டியவர்கள் குறைவு. இவற்றில் பெரும்பாலானவை ஹீப்ரு எழுத்தில் அரபு மொழி. கோய்டைனுக்கு எழுத்தும் தெரியும், மொழியும் தெரியும், அந்த மொழியைச் சந்தையிலும் சமையலறையிலும் எப்படிப் பேசுவார்கள் என்பதும் தெரியும். அவரைத் ‘தாமதமாகப் பூத்தவர்’ என்று சொல்வது தவறு. முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் எதுவும் வீண்போகவில்லை.

முதலில் அவரைப் பிடித்துக்கொண்டது இந்தியா. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்குப் போய்வந்த ஒரு வணிகரின் வழக்கு ஆவணங்களைப் படித்தவர், அந்தக் கடல்வழிக் கடிதங்களை ஒவ்வொன்றாகத் தேடினார். துனீசியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜு அப்படித்தான் கிடைத்தார். 1132 முதல் 1149 வரையிலான காலத்தின் பெரும்பகுதியை மலபார்க் கரையில் கழித்தவர். ஆஷு என்ற அடிமைப் பெண்ணை 1132இல் மங்களூரில் விடுதலை செய்தவர். வெண்கலப் பட்டறை வைத்திருந்தவர். ஏடன் நண்பர்கள் உடைந்த பாத்திரங்களை அனுப்பி, உருக்கி இன்ன அளவில் செய்துதரச் சொன்னார்கள். இங்கிருந்து மிளகும் இரும்பும் போயின, அங்கிருந்து எழுதுவதற்குக் காகிதம் வந்தது.

தத்துவஞானி மைமோனிடிஸின் தம்பி டேவிட், செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து, இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதாக அண்ணனுக்கு எழுதிய கடிதமும் அந்தக் குவியலில்தான் இருந்தது. தம்பி கடலில் மூழ்கிப்போனார். அண்ணன் ஓராண்டு படுத்த படுக்கையானார்.

இந்தக் கடிதங்களைக் கொண்டு எழுதத் தொடங்கிய இந்தியப் புத்தகத்தை முடித்திருந்தாலே பெயர் நிலைத்திருக்கும். கோய்டைன் அதை ஒத்திவைத்தார். இந்த வணிகர்களின் வீடு, தெரு, நீதிமன்றம், குடும்பம் எல்லாம் புரியாமல் அவர்களுடைய வியாபாரத்தை மட்டும் எப்படி எழுதுவது என்பது அவருடைய சிக்கல். 1957இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், ‘ஒரு மத்தியதரைக்கடல் சமூகம்’ என்ற நூலில் இறங்கினார். முதல் பாகம் 1967இல் வந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பிரின்ஸ்டனில் உட்கார்ந்து மேலும் எழுதினார். அல்-வுஹ்ஷா என்ற தரகுக்காரப் பெண்ணைப் போன்ற மனிதர்கள் அவர் எழுத்தில் நடமாடுகிறார்கள். அந்த அம்மாள் தன் இறுதிச் சடங்குச் செலவைக்கூட உயிலில் கணக்குப் போட்டு எழுதி, மகனின் தகப்பனுக்குக் காலணாவும் கூடாது என்று சொன்னவர்.

ஐந்தாம் பாகத்தை முடித்துவிட்டு 1985 பிப்ரவரியில் கோய்டைன் காலமானார். அது 1988இல் அச்சானது. இந்தியப் புத்தகத்தை அவர் மாணவர் மொர்தெகாய் ஃபிரீட்மன் எடுத்து முடித்தார். ஆங்கிலத்தில் வெளிவந்தது 2008இல். கோய்டைன் கைப்பட எழுதிய இருபதாயிரத்துக்கும் அதிகமான குறிப்பட்டைகளை பிரின்ஸ்டனின் கெனிசா ஆய்வகம் படமெடுத்து வைத்திருக்கிறது. இன்றைய ஆய்வு மாணவர்கள் அவற்றிலிருந்துதான் பல தேடல்களைத் தொடங்குகிறார்கள்.