கல்லீரலும் கீரைப் பச்சையமும்

 

ஈரமேறிய நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் படரும் பூஞ்சணம் 'அப்ளடாக்சின்' என்னும் நஞ்சை விளைவிக்கின்றது. 1974-ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பூஞ்சண மக்காச்சோளம் உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் ஈரல் கெட்டு மாண்டனர். அந்நஞ்சைச் சிறுகச் சிறுக உண்பினும் நாளடைவில் ஈரற்புற்று தோன்றக்கூடும்.

இதனைக் கீரையின் பச்சையம் தடுக்குமோ? சீனத்துச் சிதோங் வட்டாரத்தில் 180 பேரைக் கொண்டு ஆராய்ந்தனர். முடிவு 2001-இல் வெளியாயிற்று. பச்சையத்தினின்று ஆக்கிய குளோரோபிலினை உணவோடு மும்முறை உட்கொண்டவரிடம், நஞ்சு உயிரணுவைத் தாக்கியதன் அடையாளம் 55 விழுக்காடு குறைந்திருந்தது. நன்று, ஆயினும் குறைந்தது அடையாளமே. கைகாட்டி இறங்கியதனால் வண்டி நிலையத்துக்கு வந்துவிட்டதாகாது அன்றோ!

ஈரற்புற்றின் மற்றொரு பெருங்காரணம் 'பி' வகைக் காமாலைக் கிருமி. இரண்டும் சேரின் தீங்கு பன்மடங்காகும். கீழாநெல்லியே போதுமென்று தடுப்பூசியை ஒதுக்கும் இல்லங்கள் நம் குடியிருப்பிலும் உள. பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு இடவேண்டிய அவ்வூசி அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றது.

ஆகவே, கீரையை நாளும் உண்போம். கடலையை நன்கு உலர்த்திக் காப்போம். பூஞ்சணம் கண்டதை, வறுப்பினும் நஞ்சு முற்றும் நீங்காதாகலின், எறிந்துவிடுவோம். மக்களுக்கு ஊசியிடத் தவறோம். வாழ்க தமிழ்!