விமானி உரிமம்: தேர்வு வைப்பவரின் பொறுப்பு

குடிமை விமானிகளுக்கும் படை விமானிகளுக்கும் உரிமமும் தகுதிச் சான்றும் வழங்கும் முறைகளை ஆராய இந்தக் கருத்தரங்கு கூடியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பறந்தவர்கள், பறக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், விமானச் சட்டம் படித்தவர்கள், இனிமேல் விமானி ஆகப்போகும் மாணவர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். இவர்கள்முன் ஒரே ஒரு கேள்வியை வைக்கவே இந்தத் தலைமை உரை. ஒரு விமானி எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறார் என்று உலகம் முழுவதும் கேட்கிறார்கள். அவரைச் சோதித்தவர் யார், அந்தச் சோதனையின் முடிவு எங்கே பதிவாகி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

விமானம் வந்த உடனே உரிமம் வந்துவிடவில்லை. ரைட் சகோதரர்கள் 1903ல் பறந்தார்கள். பிரான்சின் ஏரோ கிளப் 1909ல்தான் விமானிச் சான்று கொடுக்கத் தொடங்கியது. முதல் எண் லூயி பிளேரியோவுக்குக் கிடைத்தது. முதல் பட்டியலில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஊரறியப் பறந்து காட்டியவர்கள். பெயர்களை அகரவரிசையில் அடுக்கினார்கள், அவ்வளவுதான். அவர்களைச் சோதிக்கும் தகுதி உடையவர் வேறு யார் இருந்தார்கள்? அடுத்த ஆண்டு மார்ச் 8ஆம் தேதி ரேமோந்த் தெ லரோஷ் 36ஆம் எண் சான்றைப் பெற்று உலகின் முதல் உரிமம் பெற்ற பெண் விமானி ஆனார். அதே நாளில் பிரிட்டனில் ராயல் ஏரோ கிளப்பின் முதல் சான்று மூர்-பிரபசானுக்கு வழங்கப்பட்டது.

அந்தக் காலத் தேர்வு எளிமையானது. இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டுப் போட்டுச் சில கிலோமீட்டர் பறக்க வேண்டும். 50 மீட்டர் உயரம் போக வேண்டும். குறித்த இடத்துக்கு அருகே இறங்க வேண்டும். பிரிட்டன் படையில் விமானி ஆக விரும்பிய அதிகாரி முதலில் சொந்தக் காசில் கற்று இந்தச் சான்றை வாங்கி வருவார். பிறகு அரசு அவருக்கு 75 பவுன் திருப்பித் தரும். ஆகவே தொடக்கத்தில் குடிமை, படை என்று இரண்டு வாசல்கள் இல்லை. கிளப்பின் சான்றே இருவருக்கும் நுழைவுச் சீட்டாக இருந்தது. இந்தியாவிலும் 1929 பிப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. டாட்டாவுக்குக் கிடைத்த முதல் எண் உரிமத்தைக் கொடுத்தது இந்திய-பர்மா ஏரோ கிளப்தான்.

வாசல்கள் இரண்டானதற்குச் சட்டக் காரணம் உண்டு. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு, அதன் விதிகள் குடிமை விமானங்களுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. படை, சுங்கம், காவல் ஆகியவற்றின் விமானங்கள் வெளியே நின்றன. அதன் முதல் இணைப்பு 1948ல் ஏற்கப்பட்டது. விமானி உரிமத்துக்கான பன்னாட்டு அளவுகோல் அதுதான். ஒரு நாடு தந்த உரிமத்தை மற்ற நாடுகள் மதிப்பதற்கு அந்தப் பொது அளவுகோல் அடிப்படை. படை விமானிக்கு அப்படி ஒரு பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நாட்டுப் படையும் தன் விமானிக்குத் தானே சான்று சொல்கிறது.

இந்தியாவின் குடிமை வாசலைப் பார்க்கலாம். சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு விமானியாக. 300 கடல் மைல் தொலைவு சென்று, வழியில் வேறு இரண்டு நிலையங்களில் முழுதாக இறங்கி ஏறும் பயணமும் அதில் அடக்கம். விமானச் சட்டவிதி, வானிலையியல், வழிசெலுத்தல் போன்ற பாடங்களில் குடிமை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏ நடத்தும் எழுத்துத் தேர்வுகள், வானொலித் தொடர்புக்குத் தனி உரிமம், முதல் வகுப்பு மருத்துவச் சான்று இவையெல்லாம் சேர வேண்டும். விமான நிறுவனத்தில் கேப்டனாக அமர ஏ.டி.பி.எல். எனப்படும் விமானப் போக்குவரத்து விமானி உரிமம் தேவை, அதற்கு 21 வயது, 1500 மணி நேரம். மணிக்கணக்கு எண்ணுவதற்கு எளிது. அதனால்தான் விதிகளில் அதற்கு இவ்வளவு இடம்.

படையின் முறை வேறு. ஹைதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படை அகாடமியில் பிலாட்டஸ் விமானத்தில் தொடங்கும் பயிற்சி படிப்படியாக உயர்கிறது; ஒவ்வொரு படியிலும் சிலர் விலக்கப்படுகிறார்கள். சிறகுச் சின்னம் நெஞ்சில் ஏறிய பிறகும் சோதனை நிற்பதில்லை. கண்ணால் தரையைப் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் திறனுக்கு வெள்ளை, பச்சை, மாஸ்டர் கிரீன் என்று அட்டைகள் உண்டு. விமானப்படைக்கென்று தனித் தேர்வு வாரியமும் இருக்கிறது. அதன் தேர்வாளர்கள் அனுபவம் மிக்க விமானியையும் உட்காரவைத்துத் தரம் பார்க்கிறார்கள். விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி சென்னையை ஒட்டிய தாம்பரத்தில் இருக்கிறது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அரக்கோணத்தின் ராஜாளித் தளத்தில். தாம்பரம் பள்ளியின் பெயரைத் தமிழ்நாட்டு மாணவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கற்றுக்கொடுப்பவருக்கே கற்றுக்கொடுக்கும் இடம் அது. ஒரு படையின் பாதுகாப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த உண்மையைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது பிரிட்டிஷ் விமானப்படை. முதல் உலகப் போரின்போது, போர்முனையில் களைத்துத் திரும்பியவர்களையும் நேற்றுத்தான் கற்று முடித்தவர்களையும் பயிற்றுநர்களாக அமர்த்தினார்கள். பயிற்சியிலேயே ஏராளமான இளைஞர்கள் மாண்டார்கள். 1917ல் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற மேஜர் கோஸ்போர்ட்டில் பயிற்றுநர்களுக்கே பள்ளி தொடங்கினார். அவ்ரோ 504 விமானத்தில் இரட்டைக் கட்டுப்பாடு. பயிற்றுநரும் மாணவரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய். விமானம் சுழன்று விழும் நிலையைத் தவிர்க்கச் சொல்லாமல், வேண்டுமென்றே அதில் புகுந்து மீளக் கற்றுக்கொடுத்தார். அந்த முறையின் வழித்தோன்றலே இன்றைய பறத்தல் பயிற்சி.

படையிலும் ஓட்டைகள் உண்டு. 1934 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தனியார் நிறுவனங்களின் அஞ்சல் ஒப்பந்தங்களை ரத்து செய்து, கடிதம் சுமக்கும் வேலையை ராணுவ விமானிகளிடம் ஒப்படைத்தார். வீரத்தில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் பனியிலும் இரவிலும் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி பலருக்கு இல்லை. அஞ்சல் விமானிகளுக்கோ அது அன்றாட வேலை. சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே எட்வின் லிங்க் செய்த பயிற்சிக் கருவிகள் ஆறினை ராணுவம் வாங்கியது. இன்றைய சிமுலேட்டரின் முன்னோடி அது.

குடிமைப் பக்கம் நடந்தவை இன்னும் உறுத்துகின்றன. 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகரில் இறங்க வந்த கோல்கன் ஏர் 3407 விமானம் வேகம் குறைந்து தூக்குவிசையை இழந்தது. கட்டுப்பாட்டுத் தண்டு நடுங்கி எச்சரித்தபோது கேப்டன் அதை முன்னே தள்ளியிருக்க வேண்டும், பின்னால் இழுத்தார். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். அந்தக் கேப்டன் முன்பு சில பறத்தல் தேர்வுகளில் தோற்றவர். அவற்றில் சிலவற்றை வேலைக்கு விண்ணப்பித்தபோது தெரிவிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தின் வழியே, துணை விமானிக்கும் 1500 மணி நேரம் என்ற விதி 2013ல் நடைமுறைக்கு வந்தது. படை விமானிக்கு 750 மணி நேரம் போதும் என்று சலுகையும் கொடுத்தார்கள். ஆனால் விபத்தில் இறந்த இரு விமானிகளும் 1500 மணி நேரத்தை எப்போதோ தாண்டியவர்கள்! விமானிகளின் தேர்வு முடிவுகளைத் திரட்டி வைக்கும் தரவுத்தொகுப்பும் அதே சட்டத்தின் விளைவுதான். மணிக்கணக்கு விதியைவிட இந்தத் தரவுத்தொகுப்பே அந்த விபத்து கற்பித்த பாடத்துக்கு நேரான பதில் என்பது இவ்வுரையின் உறுதியான கருத்து.

தேர்வே பொய்யானால் என்ன ஆகும்? 2011ல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் பிடிபட்டார்கள். 2020 ஜூனில் பாகிஸ்தான் அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில், நாட்டின் 860 விமானிகளில் 262 பேரின் உரிமம் ஐயத்துக்கு உரியது, அவர்கள் தேர்வைத் தாங்களே எழுதவில்லை என்றார். பின்னர் நடந்த சரிபார்ப்பில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பலர் குற்றமற்றவர்கள் என்று தெரிந்தது. அதற்குள் ஐரோப்பிய ஒன்றியம் பாகிஸ்தான் அரசு விமான நிறுவனத்துக்குத் தடை போட்டுவிட்டது. 2024 நவம்பரில்தான் அது நீங்கியது. நேர்மையாகத் தேறிய விமானிகளும் அந்தப் பழியைச் சுமந்தார்கள். தேர்வு அறையில் நடக்கும் மோசடி ஒரு தொழிலின் மானத்தையே வாங்கிவிடுகிறது.

விமானிகளுக்கான மொழித் தேர்வும் விபத்துகள் கற்பித்த பாடமாகத்தான் பிறந்தது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானத்துக்குத் தரப்பட்ட உயரம் 15,000 அடி. அது அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த விமானக் குழுவின் ஆங்கில அறிவு விசாரணையில் முக்கியக் கேள்வியானது. பன்னாட்டுப் பயணம் செய்யும் விமானிக்கு ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலம் வேண்டும் என்ற விதி பின்னாளில் வந்தது. இங்கும் நிலையைக் குறித்துத் தருபவர் ஒரு தேர்வாளர்தான். அவர் கைவிட்டால் விதி இருந்தும் பயன் இல்லை.

இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு மின்னணு விமானி உரிமமும் வந்தது. போலிச் சான்றுகளைத் தடுக்க இது பெரிய உதவி. ஆனால் கைப்பேசியில் தெரியும் உரிமம், அதை வாங்கியவர் எத்தனை முறை தோற்றார், எதில் தோற்றார், யார் சோதித்தார் என்பதையும் சொன்னால்தான் அது முழுமை பெறும்.

ஆகவே ஆய்வாளர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். குடிமைத் தேர்வாளர்களுக்கும் தாம்பரம் போன்ற முறையான பள்ளி வேண்டுமா என்று விவாதியுங்கள். படையிலிருந்து குடிமைப் பணிக்கு வருபவரின் பயிற்சிப் பதிவுகள், மணிக்கணக்கு மட்டும் அல்லாமல் முழுதாக, அவருடன் வர வழி சொல்லுங்கள். பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கப்போகும் மாணவர்களும் பெற்றோரும் கட்டணத்தையும் விமானங்களின் எண்ணிக்கையையும் விசாரிப்பதோடு, பயிற்றுநர் யார், அவர் எங்கே கற்றவர் என்றும் கேட்குமாறு, அவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதுங்கள்.